நடத்தை: மிக நன்று

கருங்கல் சந்தையில் வாழைக்குலை இறக்குகிற சத்தம்
அலுவலக ஜன்னல்வரை வந்துகொண்டிருந்தது.
தாளாளர் நின்றபடி சொல்லச் சொல்ல
நான் தட்டச்சு செய்தேன்.

திரு. ஜாஸ்பர் ஞானதாஸ், இயற்பியல் ஆசிரியர்,
சொந்தக் காரணங்களால் விலகுகிறார்.
பணியில் ஆர்வம் உள்ளவர்.
நடத்தை: மிக நன்று.

'மிக' அவர் சேர்க்கச் சொன்னது.
நான் 'நன்று' என்று நிறுத்திப் பார்த்தேன்.
என் எதிர்ப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

அதே வாரம் இன்னொரு தாள்.
ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
பெயரை இங்கே எழுதமாட்டேன்.
அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர்.
கையெழுத்துப் போட்டபோது
விரலில் உலர்ந்திருந்த பால்
பேனாவோடு நூலாக இழுபட்டு வந்தது.
"பிள்ளைக்க படிப்பு கெடப்பிடாது,
வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.
என்ன வேண்டும் என்று
யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

மாற்றுச் சான்றிதழில் கடைசிக் கட்டம்,
மாணவியின் ஒழுக்கமும் பண்பும்.
தாளாளர் கொஞ்சம் யோசித்தார்.
"திருப்திகரம்ணு போடும்மா."

அவருக்கு மிக நன்று.
அவளுக்குத் திருப்திகரம்.
ஒரே பிரிண்டர், ஒரே மை.
அவருடைய தாள் சூடாக வந்தது,
அவளுடையதும்தான்.

ஜூனில் மழை ஓட்டுக்குள் இறங்கி
கோப்புகள் நனைந்தன.
மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்தபோதுதான்
அவர் எங்களிடம் சேர்ந்த நாளின் காகிதங்களைப் பார்த்தேன்.
நாகர்கோவில் பள்ளி கொடுத்தது ஒன்று,
அதற்கு முந்தி தக்கலையில் ஒன்று.
சொந்தக் காரணங்களால்.
பணியில் ஆர்வ்ம் உள்ளவர்.

வ மேல் தேவையில்லாத ஒரு புள்ளி.
இரண்டு தாளிலும் அதே புள்ளி.
எங்கள் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன்,
என் கையால் அடித்ததிலும் இருந்தது.
முந்திய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே அடித்தேன்,
சளி பிடித்த பிள்ளையின் தம்ளரில்
அடுத்த பிள்ளை குடிக்கிற மாதிரி.

இதற்கொரு சட்டம் வேண்டும் என்கிறார்கள்.
புகார் இருக்கிறவருக்கு
அடுத்த வேலை தேடிக் கொடுக்கிறவரும் குற்றவாளி என்று.
வரட்டும்.
ஆனால் 'உதவி' என்ற சொல்லை
எந்த இடத்தில் தொடங்குவார்கள்?
கையெழுத்திலா, முத்திரையிலா,
'காரணங்கள்' என்ற அந்தப் பன்மையிலா?
வழியனுப்பு விழாவுக்குப் பொன்னாடை வாங்க
ஆளுக்கு நூறு ரூபாய் போட்டோமே, அதிலா?
அன்று டீயும் மட்டிப்பழமும் ஏத்தங்கா உப்பேரியும்.
நானும் இரண்டு மட்டிப்பழம் தின்றேன்.
நல்ல பழுப்பு.

"நிரூபிக்கல்லியே" என்றார் கணக்கு சார்.
சரிதான்.
விசாரித்து, ஒன்றுமில்லை என்று கண்டிருந்தால்
அதையும் அடித்திருப்பேன், பிழையில்லாமல்.
விசாரிக்காமல் இருக்கத்தானே
அவ்வளவு அவசரமாக அந்தக் கடிதம்.

நேற்று ஒரு போன்.
குலசேகரம் பள்ளி அலுவலகத்திலிருந்து ஷைனி.
"அக்கா, சான்றிதழ் இருக்கு. சும்மா வாயால கேக்கேன்,
இந்த சாரு எப்படி?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாளாளர்
பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"அதில ஆர்வம்ணு ஒரு வார்த்தை இருக்கும், மக்ளே.
வ மேல புள்ளி இருக்கா பாரு."

காகிதம் புரளும் ஓசை.
"இருக்குக்கா. எழுத்துப்பிழைதானே?"

"உங்க ஒன்பதாம் கிளாஸ்ல
பெண்பிள்ளைய எத்தனை பேரு?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
அவள் எண் சொல்லவில்லை.
போனைக் கீழே வைக்கவுமில்லை.
மூச்சு மட்டும் கேட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம்.

"ஷைனி," என்றேன்,
"ஒரு பேனா எடுத்துக்கோ."